சாகாதிருப்பதா, சீவிப்பதா?



2002-ம் ஆண்டு அமெரிக்காவில் "குயின் ஆஃப் தி டேம்ட்" என்னும் இரத்தக் காட்டேரிப் படம் வெளிவந்தது. அதில் லெஸ்டாட் என்னும் காட்டேரி பாடகனாகிறான். அவனுக்கென்று ஜானதன் டேவிசும் ரிச்சர்ட் கிப்ஸும் இயற்றிய ஹெவி மெட்டல் பாடல்கள் இசைத்தட்டாகவும் வந்தன. இடிபோன்ற கிடார், அலறும் குரல்! உங்கள் மகன் இதைக் கேட்டால் தடுத்துவிடுவதுதான் முறையா?

பொறுங்கள். பெருஞ் சத்தம் பாவமன்று. துயரத்தில் கூவுவதும் பாவமன்று. சங்கீத ஆகமத்திலும் கதறல் உண்டு. பாட்டு எதை ஆசிக்கத் தூண்டுகிறது என்பதே கேள்வி. காட்டேரிக்குச் சாவில்லை, ஆயினும் லெஸ்டாட் தனிமையில் வாடுகிறான். சாகாதிருப்பது வேறு, நித்திய சீவியம் வேறு.

அப்படத்தில் காட்டேரிகளின் ராணியாக நடித்த ஆலியா, படம் வெளிவருமுன்னே, 2001 ஆகஸ்டு 25-ல், பகாமாஸ் தீவில் விமான விபத்தில் மரித்தார். வயது 22. இதைத் தண்டனையென்று சொல்ல நாம் யார்? அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக மன்றாடுவதே நம் கடமை.

காட்டேரி பிறர் இரத்தத்தைக் குடித்துத் தான் பிழைக்கிறது. சேசுநாதரோ தமது திரு இரத்தத்தைச் சிந்தி நம்மைப் பிழைப்பிக்கிறார். இவ்விரண்டில் நம் வீடு எதைப் பின்பற்றுகிறது? மனைவியின் உழைப்பையும் வேலைக்காரரின் கூலியையும் உறிஞ்சி வாழும் வீட்டில் இசைத்தட்டை மட்டும் உடைத்துப் பயனென்ன?

ஆகையால் மகனருகில் அமர்ந்து ஒரு பாட்டைக் கேளுங்கள். அதில் அவன் மனத்தைத் தொட்டது எதுவென்று விசாரியுங்கள். பிறகு பூசைக்குச் சேர்ந்து வாருங்கள்.