வாங்கின புத்தகம் யாருடையது?

2009 ஜூலையில் அமேசான், அமெரிக்க வாசகர்கள் காசு கொடுத்து வாங்கின ஒரு புத்தகத்தை அவர்களுடைய கிண்டில்களிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் அழித்தது. என்ன புத்தகம் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. அரசாங்கம் பழைய காகிதங்களை எரித்துச் சரித்திரத்தை மாற்றுகிற கதை!

மின்பதிப்பை வெளியிட்டவருக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது, காசைத் திருப்பிவிட்டார்கள். நியாயம்தானே என்பீர்கள். நடைபாதையில் வாங்கின புத்தகம் திருட்டுப் பதிப்பென்றால், கடைக்காரர் ராத்திரி உங்கள் வீடு புகுந்து, மேஜையில் நூறு ரூபாயை வைத்துவிட்டு அதை எடுத்துப் போவாரா?

ஒரு மாணவர் பக்கத்துக்குப் பக்கம் எழுதிவைத்த குறிப்புகள், பக்கங்களே போனதால் வீணாயின. அதற்கு என்ன விலை? பிற்பாடு ஜெஃப் பெஸோஸ் மன்னிப்புக் கேட்டார்.

எழுதினவருக்குக் காசு போய்ச் சேரணும், சந்தேகமில்லை. அதற்காக வீட்டுச் சாவியையுமா கொடுப்பது?