யாருக்குக் கேட்கிறது?

திருவண்ணாமலையில் பௌர்ணமி ராத்திரி என் ஸ்டீரியோ வேறு மாதிரி ஒலிக்கிறது. அதே ஆம்ப்ளிஃபையர், அதே ஸ்பீக்கர், அதே கச்சேரி. ஆனா நேத்து கும்முனு கேட்ட மிருதங்கத்தின் தொப்பி இன்னிக்கு எங்கேயோ ஒளிஞ்சுக்குது.

காரணங்கள் இருக்கின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நகரும்போது, தெரு இரைச்சல் மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். அந்த இரைச்சலில் பல மணி நேரம் அலைந்த காதும் கொஞ்ச நேரம் மந்தமாகிவிடும். வீட்டில் தூங்குகிறார்களே என்று வால்யூமைக் குறைத்தால், தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

புது ஸ்பீக்கர் வாங்கலாம். ஆனால் அதை எதோடு ஒப்பிடுவது? நேற்றைய ஒலியின் நினைவோடுதானே? அந்த நினைவு எந்த ஸ்பீக்கரையும்விட நிலையில்லாதது.

1896-ல் இந்த ஊருக்கு வந்த ரமணர், எழுகிற ஒவ்வொரு எண்ணத்திடமும் 'இது யாருக்கு?' என்று கேட்கச் சொன்னார். ஆன்மிகத்தில் நாட்டமில்லாதவர்களுக்கும் இந்தக் கேள்வி உதவும். 'பாட்டு இன்னிக்கு சரியில்ல.' யாருக்கு?

அதற்காக எல்லாமே மனசுதான் என்று நழுவிவிட முடியாது. வயர் தளர்ந்திருக்கலாம், பார்த்துவிடத்தான் வேண்டும். வயர் சரியாக இருந்தால், பாட்டை நாளைக்கு இன்னொரு தடவை கேட்கிறோம்.

களைத்து வரும் மாலையில் அம்மாவின் குரல் நச்சரிப்பாகக் கேட்கிறது. அங்கே மட்டும் ஒரே கேட்பில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஸ்பீக்கருக்குத் தருகிற அந்த இன்னொரு நாளை மனுஷங்களுக்கும் தரலாமே.