ஓட்டுவோன் இல்லை, பொறுப்பாளி யார்?

ஓட்டுவோன் இல்லாமலே செல்லும் வானூர்தி ஒன்றை எண்ணிப் பார்த்தார் புறநானூற்றுப் புலவர். புகழ் பெற்றோர் மறைந்த பிறகு அடைவதற்கு! அன்று எண்ணம், இன்று நிகழ்ச்சி. ஆனால், மாண்டவரை விண்ணுலகு சேர்க்க அல்ல, மாள இருப்போரை மண்ணுலகில் நிறுத்தி வைக்கப் பறக்கிறது அது!

ஆயிரம் மலைகளின் நாடு என்பர் ருவாண்டாவை. பிள்ளை பெற்ற தாய் குருதி கொட்டித் துடிப்பாள். ஏற்ற வேண்டிய குருதியோ மலைப்பாதையில், மழைச்சேற்றில், வண்டியில் வரவேண்டும். கலிபோர்னியாவில் முளைத்த சிப்லைன் எனும் சிறு நிறுவனம், 2016 அக்டோபரில், அந்நாட்டு அரசுடன் கூடி, முகாங்காவிலிருந்து ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டது. கவண்கல் போல் வானில் வீசப்படும் விமானத்துக்குச் செயற்கைக்கோள் இடம் கூறும். கருவிகள் சாய்வையும் உயரத்தையும் அளக்கும். கணிப்பொறி நொடிதோறும் போக்கைத் திருத்தும். மருத்துவமனை முற்றத்திலே, சிறு குடையில் மிதந்து இறங்கும் குருதிப் பெட்டி! வேள்வியால் வந்ததன்று, வேண்டுதலால் வந்ததன்று. மனித அறிவு தந்த மாண்பு. வாயார வாழ்த்துகிறோம்.

வாழ்த்திய வாயால் ஒன்று கேட்கவும் கடமைப்பட்டுள்ளோம். ஓட்டும் கை இல்லாத ஊர்தி உயிரைப் பறித்தால், பொறுப்பாளி யார்?

"இயந்திரத்தின் பிழை" என்பர். பழகிய குரலன்றோ இது? ஏழை ஏன் பசித்தான்? விதி! ஏன் படிக்கவில்லை? விதி! அந்த ஒரு சொல்லால் கேட்டவன் வாயடைத்தான், கெடுத்தவன் தப்பினான். விதி அமர்ந்திருந்த பீடத்தில் இயந்திரத்தை ஏற்றி வைப்பதற்கா பகுத்தறிவு பெற்றோம்?

வானில் நேரக்கூடியதற்குத் தரையிலே ஒரு பாடம் உண்டு. 2018 மார்ச்சில், அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்த தானோடும் கார், சாலையைக் கடந்த பெண்ணொருத்தியை மோதிக் கொன்றது. நிறுவனத்தின்மீது குற்ற வழக்கிற்கு இடமில்லை என்றனர் 2019-இல். கண்காணிக்க அமர்ந்திருந்த ஊழியரோ 2023-இல் தண்டனை பெற்றார். அவர் பார்வை சாலையில் இல்லை, தவறுதான். ஆனால், காரில் இருந்த அவசர பிரேக்கைச் செயலற்றதாக்கியது யார்? இருவர் இருந்த வண்டியில் ஒருவர் போதும் என்று முடிவு செய்தது யார்? உயரத்தில் எடுத்த முடிவின் சுமை, தாழ்ந்த நாற்காலியின்மீதே இறங்கியது!

திருப்புவது பொறி; எப்போது திருப்ப வேண்டும் என வகுத்தவர் மனிதர். ஆதாயம் கருதி ஆளைக் குறைத்தவரும் மனிதர். அனுமதிக் கையெழுத்திட்டவரும் மனிதரே. பொறுப்பைப் பங்கிடலாம், பறக்கவிடலாகாது.

எனவே, தானே பறக்கும் ஊர்தியைத் தடுக்க வேண்டும் என்று கூறோம். குருதிக்காகக் காத்திருக்கும் தாய்க்குச் செய்யும் கேடு அது. பறக்கட்டும்! ஆனால், அது பறக்குமுன், பிழை நேர்ந்தால் பதில் கூறுவோர் இன்னார் என்பது ஏட்டிலே எழுதப்படட்டும். முதலாளியின் பெயர் முதலில் இருக்கட்டும். ஓட்டுவோன் இல்லாத ஊர்தியை உலகம் ஏற்கலாம். பொறுப்பேற்போர் இல்லாத ஊர்தியை ஏற்கலாகாது.