கேட்டதையே கேட்பவர்கள்

"அதைத்தான் அப்போதே சொல்லிவிட்டேனே!" என்ற வசனம் நம்மிடையே நாளாந்தம் புழங்குகிறது. ஆசிரியர் மாணவனிடமும், பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர் கிழவரிடமும், மகன் உம்மாவிடமும், மௌலவி ஊராரிடமும் இதைச் சொல்கிறார்கள். சொல்பவர் ஒரு தகவலைத் தெரிவிப்பதில்லை. ஒரு குற்றத்தைச் சுமத்துகிறார். உனக்குரிய பங்கை உனக்குத் தந்தாயிற்று, இப்போது நீ என்னிடமிருந்து அதிகப்படியாக எடுக்க வந்திருக்கிறாய் என்பதே அதன் பொருள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பது உண்மையிலேயே ஒரு குற்றம்தானா? குற்றமெனில் யாருக்கு எதிரான குற்றம்?

இந்த முறைப்பாட்டில் நியாயம் கொஞ்சமும் இல்லையென்று சொல்வதற்கில்லை. நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவன் கவனிக்காமலிருந்துவிட்டுக் கேட்கும் கேள்விக்காக ஐந்து நிமிடம் செலவானால், அது ஆசிரியருடைய ஐந்து நிமிடம் மட்டுமல்ல. மற்ற முப்பத்தொன்பது பேருடையதுந்தான். பக்கத்திலிருப்பவனின் கொப்பியைப் பார்த்தாலே தெரிந்துவிடக்கூடியதை எழுந்து நின்று கேட்பவன் பிறருடைய நேரத்தைத் தன்னுடைய சோம்பலுக்காகக் கடன் வாங்குகிறான். வீணான பேச்சையும் அளவுக்கு மீறிக் கேட்பதையும் அல்லாஹ் வெறுக்கிறான் என்று வரும் ஹதீஸ் நாமறிந்ததே. அங்கு வரும் 'சுஆல்' என்ற சொல்லுக்கு வினவுதல் என்றும், யாசித்தல் என்றும் இரு வகையாகவும் உலமாக்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். அறபு மொழியில் கேள்வி கேட்பவனும் ஸாஇல். கையேந்தி நிற்பவனும் ஸாஇல். தன்னிடமில்லாத ஒன்றை இன்னொருவரிடம் கேட்டு நிற்பதில் இருக்கும் தாழ்வை அந்தச் சொல் மறைப்பதில்லை.

தமிழ் இதே வினையை வேறொன்றோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. 'கேள்' என்றால் வினவு. 'கேள்' என்றால் செவிகொடு. குறளில் 'கேள்வி' என்று பெயர் பெற்ற அதிகாரம் வினாத் தொடுப்பதைப் பற்றியதல்ல, செவியால் கற்பதைப் பற்றியது. அறபில் கேட்பவன் யாசகனுக்கு அயலவன். தமிழில் கேட்பவன் செவிமடுப்பவனுக்கு அயலவன். இவ்விரு மொழிகளுக்கும் வாரிசுகளான நமக்கு இரு அர்த்தங்களும் வேண்டியிருக்கின்றன என்றே நினைக்கிறேன். கேட்டுவிட்டுச் செவிகொடாமல் இருப்பவனைத்தான் நாம் கண்டிக்க விரும்புகிறோம். ஆனால் திரும்பக் கேட்பவர் எல்லோரும் செவிகொடாதவர்கள்தானா?

கணிதத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். நூறு ரூபாய்ப் பொருளொன்றின் விலையை 20 சதவீதம் கூட்டி, பிறகு 20 சதவீதம் குறைத்தால் எவ்வளவு? பிள்ளைகள் நூறு என்பார்கள். 96 என்று கரும்பலகையில் செய்து காட்டுவோம். ஒரு பிள்ளை, "ஏன் சேர் நூறு வராது?" என்று கேட்கும். 120இல் 20 சதவீதம் 24, அதைக் கழித்தால் 96 என்போம். அதே பிள்ளை சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஏன் சேர் நூறு வராது?" என்று மறுபடியும் கேட்கும். சொல்லும் அதுவே, தொனியும் அதுவே. ஆனால் முதலாவது கேள்வி விடையைக் கேட்டது; இரண்டாவது கேள்வி அந்த விடையின் மேல் எழுந்தது. கூட்டியபோது இருந்த முழுமையும் குறைத்தபோது இருந்த முழுமையும் ஒன்றல்ல என்பதன் வாசற்படியில் அந்தப் பிள்ளை வந்து நிற்கிறது. முதலில் சொன்ன விளக்கத்தையே இன்னும் உரத்த குரலில் சொல்லும் ஆசிரியர் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லியவராக மாட்டார். ஒருமுறை கேட்டுவிட்டுத் தலையாட்டி அமர்ந்துவிட்ட பிள்ளைகளில் பலர் அந்த வாசலுக்கே வரவில்லை என்பது தவணைப் பரீட்சையில்தான் நமக்குத் தெரியவரும்.

ஆயிஷா (ரழி) அவர்கள் தமக்கு விளங்காத எதைக் கேட்டாலும் விளங்கும் வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்பவர்களாக இருந்தார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதை ஒரு குறையாகச் சொல்லாமல், ஒரு சிறப்பாகவே அறிவிப்பாளர் சொல்கிறார். மறுபக்கத்தில், விளங்கிக்கொள்ளப்பட வேண்டும் என்பதற்காக நபியவர்கள் ஒரு சொல்லை மும்முறை சொல்வார்கள் என்ற அறிவிப்பும் அதே கிரந்தத்தில் உண்டு. உபதேசம் வேண்டி வந்த ஒரு மனிதருக்குக் கோபப்படாதே என்று சொன்னார்கள். அவருக்கு அது போதவில்லை; பல தடவைகள் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் கோபப்படாதே என்பதே பதிலாக வந்தது. இந்த ஹதீஸைக் கோபம் பற்றிய பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அங்கு சொல்லுக்கு வெளியே ஒரு பாடம் நடந்துகொண்டிருப்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு மனிதர் பொறுமையைச் சோதிக்கிறார். பதில் சொல்பவரோ கோபப்படாமலேயே கோபப்படாதே என்கிறார்.

கேள்வி கேட்பது நமது இலக்கியத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. 1572இல் மதுரையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா'தான் முழுமையாகக் கிடைக்கும் தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் மிகப் பழையது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் அவர்கள் நபியவர்களிடம் வினாக்களைத் தொடுத்து விடைபெறுவதே நூலின் அமைப்பு. மஸ்அலா என்ற அறபுச் சொல்லை மசலா என்று தமிழாக்கி, அதை ஓர் இலக்கிய வகையின் பெயராகவும் ஆக்கிக்கொண்ட சமூகம் நாம். அப்படிப்பட்டவர்கள் கேள்வி கேட்பவனைக் கண்டு முகஞ் சுளிப்பது விநோதந்தான்.

இனி மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பசு மாட்டின் சம்பவத்தைப் பாருங்கள். ஒரு மாட்டை அறுக்கும்படி மூஸா (அலை) அவர்கள் தம் சமூகத்தாருக்குச் சொன்னார்கள். ஏதாவதொரு மாட்டை அறுத்திருந்தால் விடயம் முடிந்திருக்கும். அவர்களோ, அது எப்படிப்பட்டது என்றார்கள். கிழடுமல்ல, கன்றுமல்ல என்று பதில் வந்தது. நிறம் என்ன என்றார்கள். பார்ப்பவரைக் கவரும் மஞ்சள் என்று பதில் வந்தது. மாடுகள் எல்லாம் எங்களுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன, அது எப்படிப்பட்டது என்று மறுபடியும் முதற் கேள்விக்கே வந்து நின்றார்கள். ஒவ்வொரு கேள்வியும் அவர்களுடைய வேலையைக் கடினமாக்கியதேயொழிய எளிதாக்கவில்லை. இங்கே கேள்வி அறிவைத் தேடவில்லை, செயலைத் தள்ளிப்போட்டது. ஹஜ் கடமையாக்கப்பட்டதை நபியவர்கள் அறிவித்தபோது, ஒவ்வொரு வருடமுமா என்று ஒருவர் மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை வரை அவர்கள் மௌனமாகவே இருந்தார்கள். ஆம் என்று சொல்லியிருந்தால் அது கடமையாகிவிடும், உங்களால் அதற்கு இயலாமல் போகும் என்பதே பின்னர் தந்த விளக்கம். சில கேள்விகளுக்கு மௌனமே கருணையான பதில்.

நம்மூர்களில் வருடந்தோறும் றமழான் பிறந்தால், தராவீஹ் எட்டா இருபதா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. கேட்பவர்களில் அநேகருக்குப் பதில் தெரியும்; இரண்டு பதில்களும் தெரியும்; யார் எந்தப் பதிலைச் சொல்வார் என்பதும் தெரியும். அது கேள்வியல்ல, தராசு. எதிரே நிற்பவர் எந்தப் பக்கம் என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். இன்னொரு கூட்டம், ஒரு ஹஸரத்திடம் கேட்டுக் கிடைத்த பதில் பிடிக்காவிட்டால் அடுத்த ஊர் ஹஸரத்திடம் போகிறது. தலாக்கிலும் வட்டியிலும் இதைக் கண்கூடாகக் காணலாம். ஊசி போட்டால் நோன்பு முறியுமா என்று நீரிழிவு நோயாளி வருடாவருடம் கேட்பது இவற்றோடு சேராது. அவருக்குப் பயம், பயத்துக்கு ஒரு தடவை பதில் சொன்னால் போதாது. வார்த்தையைப் பார்த்து இவர்களைப் பிரித்தறிய முடியாது. முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பதில் தெரிந்திருந்தும் கேட்கப்படும் கேள்விகளில் கொடியவை பெண்களிடம் கேட்கப்படுபவை. கலியாணம் முடித்து நாலைந்து வருடமாகியும் பிள்ளையில்லாத ஒருத்தியிடம் ஒவ்வொரு கலியாண வீட்டிலும், "இன்னும் ஒண்டும் இல்லையா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு அவள் எத்தனையாவது முறையாகப் பதில் சொல்கிறாள் என்பதைக் கேட்பவள் எண்ணுவதில்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருத்தியும் ஒரு தடவைதான் கேட்கிறாள். நலம் விசாரிப்பதாகவே எண்ணிக் கேட்கிறாள். கூட்டிப் பார்க்கும் இடம் பதில் சொல்பவளின் நெஞ்சு மட்டுமே. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்நாட்டு முஸ்லிம்கள் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டோம். அந்தக் கொலைகளை நீங்கள் கண்டிக்கிறீர்களா என்று கடையில், பஸ்ஸில், அலுவலகத்தில் கேட்டார்கள். கண்டித்தோம். மறுநாள் வேறொருவர் கேட்டார். அவருக்கு அது முதற் கேள்வி; நமக்கோ நூறாவது. முதலாமவருக்குச் சொன்ன அதே அமைதியோடு நூறாமவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. சலித்துக்கொண்டால் அந்தச் சலிப்பே சாட்சியாகிவிடும் என்ற நிலை.

ஒரு வீட்டில் நான் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். எழுபது தாண்டிய மூதாட்டி, ஞாபகம் போய்விட்டது. கணவர் மௌத்தாகிச் சில வருடங்கள். அஸர் பாங்கு சொன்னதும், "அவர் தொழுதிட்டு வந்திட்டாரா?" என்று கேட்கத் தொடங்குவார். மஃரிப் வரைக்கும் அதே கேள்விதான். ஆரம்பத்தில் மகன் உண்மையைச் சொல்லியிருக்கிறார். "வாப்பா மௌத்தாகிட்டாங்க உம்மா" என்றதும் கிழவி அன்றுதான் கேள்விப்பட்டவர்போல் அழுவார். அரை மணித்தியாலத்தில் மறந்துவிடும். மறுபடியும் கேள்வி, மறுபடியும் முதல்நாள் துக்கம். ஒரே மனிதரின் மரணச் செய்தியை ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் நான்கு தடவை அறிவிப்பது உண்மை பேசுவதாகுமா, சித்திரவதையாகுமா? வருவார் என்று சொன்னாலோ பொய்.

மருமகள்தான் இதற்கு ஒரு வழி கண்டாள். "பள்ளியடியிலதான் மாமி இரிக்காங்க" என்பாள். மையவாடி பள்ளியை ஒட்டித்தான் இருக்கிறது. கிழவி, "ஆ, சரி" என்று தலையணையில் சாய்ந்துகொள்வார்.

இதைப்பற்றி நண்பரான ஒரு மௌலவியோடு பேசினேன். பொய் சொல்லாமல், கேட்பவர் வேறு பொருள் கொள்ளும்படி பேசுவதைத் தௌரியா என்பார்கள், தேவையிருந்தால் அதற்கு இடமுண்டு என்றார். எனக்கு அந்தச் சட்ட விளக்கத்தில் ஆட்சேபணையில்லை. ஆனால் அந்த வீட்டில் என்னை வியக்க வைத்தது அது அல்ல. பதினோராவது தடவை சொல்லும்போதும் அந்தப் பெண்ணின் குரல் முதல் தடவை போலவே இருந்தது. கேட்பவருக்கு அது முதற் கேள்வி என்பதை அவள் மறக்கவில்லை. 'ளுஹா' அத்தியாயத்தில் ஸாஇலை விரட்டக்கூடாதென்று வரும் கட்டளைக்கு யாசகர், அறிவு தேடி வினவுபவர் என இருசாராரையும் முஃபஸ்ஸிர்கள் சேர்த்துப் பொருள் சொல்கிறார்கள். அதில் மூன்றாவதாக, தாம் கேட்டதையே மறந்துபோனவரையும் சேர்க்கலாமென்று எனக்குப் படுகிறது. தஃப்ஸீர் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு வாசகனாகவே சொல்கிறேன்.

இதுவரை சொன்னவற்றில் எல்லாம், முதல் தடவை பதில் சொல்லப்பட்டிருந்தது. பதிலே தரப்படாத கேள்வியைத் திரும்பக் கேட்பவரை எந்த வகையில் சேர்ப்பது? 2020 மார்ச் இறுதியில் கொவிட்டினால் மௌத்தான முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரலில் வர்த்தமானி மூலம் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. அடக்கினால் நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்பதற்கு ஆதாரம் எது என்று நாம் கேட்டோம். நிபுணர் குழு சொல்லிவிட்டது என்றார்கள். மீண்டும் கேட்டோம். அதுதான் சொல்லியாயிற்றே என்றார்கள். உயர் நீதிமன்றத்திலும் கேட்கப்பட்டது. 2020 டிசம்பர் 1ஆந் திகதி, மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலேயே பெரும்பான்மைத் தீர்ப்பில் தள்ளுபடி செய்தார்கள். பிறந்து இருபது நாளான சிசுவொன்று எரிக்கப்பட்ட பின், பொரளை மயானத்தின் வேலியில் சகல இனத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். வாயால் கேட்டது போதாதென்று துணியால் கேட்ட கேள்வி அது. 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்குவதற்கு அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன.

அந்தப் பத்து மாதங்களில், கேட்டதையே கேட்கிறார்கள், மார்க்க வெறி பிடித்தவர்கள், விஞ்ஞானம் விளங்காதவர்கள் என்று நம்மைப்பற்றிச் சொல்லப்பட்டது. விஞ்ஞானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாம்தான். "சொல்லியாயிற்று" என்பது பதில் இருந்ததற்கு அடையாளமாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அது கேட்ட கேள்விக்குரிய பதிலன்று. கேட்கப்பட்டது, ஆதாரம் எது, தீர்மானித்தவர் யார் என்பது. அந்தக் குடும்பத்தவர் ஒருவர் கூட்டமொன்றில் எழுந்து இதையே மறுபடி கேட்டபோது, முன்வரிசையிலிருந்த நம்மவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இன்னும் இதத்தானா கேட்டுக்கிட்டு இரிக்காங்க?" என்றார். சற்று உரக்கவே சொன்னார். கேட்டவர் தன் கேள்வியை முடிக்காமலேயே உட்கார்ந்துகொண்டார்.