பெரும் பள்ளத்தாக்கும் சிறு மனிதனும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவிற்கு 2023-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 47 லட்சம் பேர் வந்து சென்றனர். அவர்களில் பலர் அங்கே கழிப்பது ஒரே ஒரு பகற்பொழுது. விடியற்காலையில் தெற்கு விளிம்பில் உள்ள மேதர் முனையில் நின்று சூரியோதயத்தைக் காண்கிறார்கள். பகலில் விளிம்பை ஒட்டிய பாதையில் நடக்கிறார்கள். மாலையில் மேற்கே சென்று அஸ்தமனத்தைக் கண்டு திரும்புகிறார்கள். 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம். அந்தப் பேருருவின் முன் நிற்பவனது மனத்தில் ஓர் எண்ணம் தானே எழுகிறது: ‘இதன் முன்னால் நான் எம்மாத்திரம்!’

அந்த எண்ணம் உண்மையானதா? உண்மையெனில் அது நன்மை தருவதா? இக்கேள்விகளை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில், ‘நான் ஒன்றுமில்லை’ என்ற அதே எண்ணம் ஒருவனைப் பணிவுக்கு இட்டுச் செல்கிறது; மற்றொருவனைச் சோர்வில் தள்ளுகிறது; வேறொருவனையோ, ‘எதைச் செய்தால்தான் என்ன?’ என்று பொறுப்பற்றவனாக்குகிறது.

காலத்தின் அளவுகோல்

தெற்கு விளிம்பில் ‘காலத்தின் பாதை’ என்ற பெயரில் ஒரு நடைபாதை 2010-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதில் ஒரு மீட்டர் என்பது பத்து லட்சம் ஆண்டுகளைக் குறிக்கிறது. கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தாக்கைக் குடையத் தொடங்கிய காலத்தை எட்ட ஐந்தாறு மீட்டர் நடந்தால் போதும். விளிம்பின் மேல்தளமாக உள்ள சுண்ணாம்புப் பாறை சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. அதை அடைய 270 மீட்டர் நடக்க வேண்டும். ஆற்றங்கரையில் கரிய நிறத்தில் தெரியும் பாறையோ சுமார் 175 கோடி ஆண்டுகள் பழமையானது. புவியியலாளர்கள் அதற்கு ‘விஷ்ணு’ என்றே பெயரிட்டுள்ளனர். 19-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன், கோயில் விமானங்களைப் போல் எழுந்து நிற்கும் இங்குள்ள சிகரங்களுக்குக் கீழைநாட்டுத் தெய்வங்களின் பெயர்களைச் சூட்டியதன் தொடர்ச்சி அது. விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்ற சிகரங்கள் இன்றும் அப்பெயர்களாலேயே வழங்குகின்றன.

அந்தப் பாதையில் நூறாண்டு வாழும் மனிதனின் பங்கு எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பாகம். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். அவன் தேடிய பொருள், அடைந்த புகழ், வளர்த்த பகை ஆகிய அனைத்தும் அந்த முடியின் பருமனுக்குள் அடங்கிவிடுகின்றன. உடலளவில் மனிதன் சிறியவன் என்பது மறுக்க முடியாத உண்மை.

‘எல்லாம் ஒன்றே’ என்பதன் ஆபத்து

ஆனால் இங்கேதான் விவேகம் தேவைப்படுகிறது. ‘கோடி ஆண்டுகளின் முன்னிலையில் நன்மையும் தீமையும் ஒன்றே’ என்று ஒருவன் முடிவு செய்தால் என்ன ஆகும்? அதே விளிம்பிலிருந்து கீழே நோக்கினால், பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் மரங்கள் அடர்ந்த ஒரு பசுமையான இடம் தெரியும். ஹவசுபாய் என்ற பழங்குடி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தனர். 1919-இல் இப்பகுதி தேசியப் பூங்காவானது. அங்கே எஞ்சியிருந்த கடைசி ஹவசுபாய் விவசாயியும் 1928-இல் வெளியேற்றப்பட்டார். இயற்கையின் அழகைக் காப்பதற்காக எடுக்கப்பட்ட ஒரு நல்ல முயற்சியே, அந்த அழகோடு ஒன்றி வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தவும் காரணமாயிற்று.

காலத்தின் பாதையில் இந்த அநீதியின் நீளம் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக, வெளியேறியவர்களின் துயரம் சிறியதாகிவிடுமா? துன்பத்தை ஆண்டுக்கணக்கால் அளக்க முடியாது. அம்மக்கள் தளராமல் முறையிட்டதன் பயனாக, 1975-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்மூலம் சுமார் 1,85,000 ஏக்கர் நிலம் அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. பசுமையான அந்த இடம் பூங்காவிலேயே நீடிக்கிறது. எனினும் 2022-இல் அதற்கு ‘ஹவசுபாய் தோட்டம்’ என்று அவர்களின் பெயரே சூட்டப்பட்டது. ‘எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடும்’ என்று அவர்கள் வாளாவிருந்திருந்தால் இவ்வளவும் நடந்திராது. பிறர் துயரைக் கண்டும் காணாமல் இருப்பதற்குத் தத்துவத்தைத் துணைக்கு அழைப்பது வைராக்கியமன்று. அது சோம்பலின் மாறுவேடம்.

ஆறு கற்பிக்கும் பாடம்

மனிதனின் சிறுமையைக் காட்டும் அதே பள்ளத்தாக்கு மற்றோர் உண்மையையும் உடன் உரைக்கிறது. இந்தப் பிரம்மாண்டத்தைக் குடைந்தது எது? நீர், நீரோடு உருண்ட மணல், பாறை இடுக்குகளில் உறைந்து விரிந்த பனி, எப்போதோ பெய்த மழை. ஒரு துளியின் வேலை கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் எந்தத் துளியின் வேலையும் வீணாகவில்லை. மனத்தின் இயல்பும் இத்தகையதே. ஒவ்வோர் எண்ணமும் ஒவ்வொரு செயலும் மெல்லிய தடத்தைப் பதிக்கின்றன. அத்தடங்களையே நமது சாஸ்திரங்கள் ஸம்ஸ்காரங்கள் என்கின்றன. நாள்தோறும் செய்யும் சிறிது ஜபம், அடக்கிய ஒரு கடுஞ்சொல், பிறர்க்குச் செய்த ஒரு சிற்றுதவி ஆகியவையே நாளடைவில் மனிதனின் குணத்தைக் குடைந்து உருவாக்குகின்றன. சிறியது என்பதாலேயே எதுவும் பொருளற்றதாகிவிடாது.

அளப்பவன் யார்?

இன்னும் ஒரு படி ஆழ்ந்து நோக்கலாம். பாறைக்கு 175 கோடி வயது. ஆனால் அந்த வயதைப் பாறை அறியாது. அதை அறிந்து வியப்பது, விளிம்பில் நிற்கும் மனிதனின் அறிவு. அளக்கப்படும் உடல் அந்த அளவுகோலில் முடியின் பருமன்தான். அளவுகோலையும், உடலையும், ‘நான் சிறியவன்’ என்ற எண்ணத்தையும் ஒருசேர அறிந்துகொண்டிருக்கும் உணர்வுக்கு என்ன அளவு? காணப்படும் பொருள்கள் அனைத்திலிருந்தும் காண்பானை வேறாகப் பிரித்தறிவதே வேதாந்தம் கூறும் விவேகம். அந்தக் காண்பான் பெரியவனும் அல்லன், சிறியவனும் அல்லன். அளவுக்கு அப்பாற்பட்ட சாட்சி.

இதைக் கேட்டதும் அகந்தை, ‘அப்படியானால் நானே பெரியவன்’ என்று மீண்டும் தலைதூக்கக்கூடும். எனவேதான் ஸ்ரீராமகிருஷ்ணர் ‘நான்’ என்பதில் பழுக்காதது, பழுத்தது என்று இரண்டைக் கூறினார். என் வீடு, என் செல்வம், என் பெருமை என்று இறுமாப்பது பழுக்காத ‘நான்’. இறைவனின் அடியவன், அவரது குழந்தை என்று உணர்வது பழுத்த ‘நான்’. பேருருவின் முன்னே வெறுமனே சுருங்கிப் போகும் ‘நான்’ பழுக்கவில்லை. அது அஞ்சியிருக்கிறது, அவ்வளவே. அச்சம் தெளிந்ததும் அது மறுபடியும் பழைய அளவுக்குப் பருத்துவிடும்.

அவ்வாறு பருத்துவிட்டதா என்பதை அறிய நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை. சூரியன் மறைந்ததும் விளிம்பில் நின்றவர்கள் பூங்காவின் பேருந்துக்காக நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். குளிர் ஏறுகிறது, குழந்தைகள் அழுகின்றன, முதல் பேருந்தில் எல்லோருக்கும் இடமிருக்காது. சற்றுமுன் கோடி ஆண்டுகளின் முன் தலைகுனிந்தவன் இப்போது முதியவர் ஒருவருக்கு வழிவிட்டு, அடுத்த பேருந்துக்காக அமைதியாகக் காத்திருப்பானாயின், அவன் பள்ளத்தாக்கை உண்மையாகவே கண்டவன். இடித்துத் தள்ளி ஏறுவானாயின், அவன் தன்னோடு எடுத்துச் செல்வது புகைப்படங்களை மட்டுமே.