சிவப்பு விளக்கு எரிகிறதா? எழுந்து வா!

"போர்டு போயிருச்சு. புது டிவி வாங்கிருங்க."

தென்காசியிலும் இலஞ்சியிலும் மேலகரத்திலும் செங்கோட்டையிலும் எத்தனையோ வீடுகள் கேட்டுச் சலித்த தீர்ப்பு இது. தம்பி, இதே தொனியில்தானே உன்னையும் பேசினார்கள்? "பிளஸ் டூவுலயே கோட்டை விட்டவன், இனி எங்க தேறப் போறான்?" தங்கையே, உன்னிடம் என்ன சொன்னார்கள்? "பொம்பளப் பிள்ளைக்கு சால்டரிங் அயர்ன் எதுக்கு?"

இவர்களில் ஒருவராவது மீட்டரை வைத்து அளந்து பார்த்தார்களா? இல்லை! அளக்காதவர்கள் சொன்ன தீர்ப்புக்கு நீ எதற்காகத் தலை குனிய வேண்டும்?

குற்றாலத்தைப் பார். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிச் சாரலைத் தூவுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் கூட்டம் நெரிகிறது, விடுதிகள் நிரம்புகின்றன. அதே ஈரம் டிவியின் பின்புறத் துளைகள் வழியே உள்ளே போய், போர்டில் படிந்த தூசியோடு சேர்ந்து மின்சாரத்துக்குக் கள்ளப்பாதை போடுகிறது. ஐப்பசியில் இடி இறங்கினால் ஃபியூஸ் கருகுகிறது. ஊருக்கே சீசன் என்றால், கைத்தொழில் தெரிந்தவனுக்கும் சீசன்தான்! நீயோ வேலை எங்கே என்று சென்னைப் பேருந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.

வா, டிவிக்குக் கரண்ட் கொடுக்கும் அந்தப் பவர் போர்டைத் திறப்போம். ஆனால் ஒன்று. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதே அறிவு என்றவர் வள்ளுவர். இந்தப் போர்டில் அஞ்ச வேண்டியது பெரிய கண்டன்சர். 230 வோல்ட் ஏசி, அதை டிசியாக்கும் பிரிட்ஜைத் தாண்டியதும் அதில் ஏறத்தாழ 320 வோல்ட் டிசியாகத் தேங்கி நிற்கும். பவர் ஃபேக்டரைத் திருத்தும் பிஎஃப்சி சர்க்யூட் உள்ள செட் ஓடும்போது 380, 390 வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உயிரோடு இருக்கலாம். ஸ்குரூ டிரைவரால் இரண்டு முனையையும் தொட்டு வெடிக்க வைப்பது வீரம் ஆகாது. தகுந்த ரெசிஸ்டர் வழியாகவோ பல்பு வழியாகவோ மெல்ல இறக்கி, மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி வந்த பிறகே கை வை. கற்கும் காலத்தில், தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கரண்ட் உள்ள போர்டைத் தொடாதே.

இனி ஊகம் வேண்டாம். ஒவ்வொரு கேள்வியாகக் கேள்!

முதல் கேள்வி: சிவப்பு விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபியூஸைப் பார். கருகிப்போயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வேறு ஃபியூஸ் போடாதே. அடுத்த நொடி அதுவும் போகும். ஃபியூஸ் பெரும்பாலும் தானாகச் சாகாது, பின்னால் பிரிட்ஜோ ஸ்விட்ச் போல் இயங்கும் மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கும். அதைக் கண்டுபிடித்து மாற்றிய பிறகு கரண்ட் வரும் வழியில் தொடராக ஒரு பல்பு, அதாவது சீரிஸ் பல்பு, போட்டு ஆன் செய். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் தீரவில்லை. பளிச்சென்று எரிந்து மங்கினால் மூச்சு விடலாம்.

இரண்டாம் கேள்வி: சிவப்பு விளக்கு எரிந்தும் செட் எழவில்லையா? பல செட்டுகளில் ஸ்டாண்ட்பைக்கு 5 வோல்ட் எப்போதும் இருக்கும். ரிமோட்டை அழுத்தியதும் மெயின் போர்டு ஆணை கொடுக்கும். அதன் பிறகே 12 வோல்ட், 24 வோல்ட் எல்லாம் விழிக்கும். ஆணை வந்தும் வோல்ட்டேஜ் வரவில்லை என்றால் பவர் போர்டைத் தேடு. 5 வோல்ட் சரியாக இருந்தும் ஆணையே வரவில்லை என்றால் பவர் போர்டு நிரபராதி! மீட்டர் வைக்காமல் போர்டை மாற்றுகிறவன், நிரபராதிக்குத் தண்டனை கொடுத்து வாடிக்கையாளரிடம் அபராதம் வாங்குகிறான்.

குறைந்த வோல்ட் தரும் செகண்டரி பக்கக் கண்டன்சர்களின் தலையையும் பார். தட்டையாக இருக்க வேண்டிய மூடி உப்பியிருந்தால் அது நோயாளி. சூட்டில் உள்ளிருக்கும் திரவம் காய்ந்து போயிருக்கும். பத்து டிகிரி சூடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தொழிலின் பாலபாடம். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற திரவத்தால் உலகமெங்கும் கம்ப்யூட்டர்களிலும் மானிட்டர்களிலும் இந்தக் கண்டன்சர்கள் உப்பி வெடித்தன. மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அளவோ அதற்கு மேலோ வோல்ட், 105 டிகிரி தாங்கும் ரகம், பிளஸ் மைனஸ் மாறாமல் ஈயம் வை. சில ரூபாய்ச் சாமானுக்காக முப்பதாயிரம் ரூபாய் டிவியைக் காயலான் கடைக்கு அனுப்பலாமா? ஒரு பாடத்தில் தவறியதற்காக ஓர் ஆயுளையே எடைக்குப் போடலாமா?

மூன்றாம் கேள்வி: சத்தம் வந்து படம் வரவில்லையா? அறையை இருட்டாக்கித் திரையில் டார்ச் அடி. மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால், பேக்லைட்டிலோ அதற்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியிலோ தேடு. படம் செத்துவிட்டது என்று ஊர் சொல்லும். உன் டார்ச் உண்மையைச் சொல்லும்.

தன்னம்பிக்கை இப்படித்தான் பிறக்கிறது. கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று நூறு முறை கத்து; 12 வோல்ட் வராது. மீட்டரில் ஒரு எண்ணைப் பார்த்து, அதற்குக் காரணம் கண்டு, அடுத்த இடத்தில் துணிந்து ஊசியை வைக்கிறாயே, அந்த நொடியில் வருவதுதான் தன்னம்பிக்கை. அதை எவனும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது.

படிப்பு இல்லையே என்கிறாயா? கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி.நாயுடு பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1937-இல் அவர் முயற்சியில் நம் நாட்டிலேயே மின்மோட்டார் உருவானது.

ஊர் சிறிது என்கிறாயா? தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறைக்குப் போய்ப் பார். 2011 முதல் ஜோஹோ நிறுவனம் அந்தக் கிராமத்தில் இருந்து உலகத்துக்கு மென்பொருள் செய்கிறது. பட்டம் கேட்காமல் பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுக்கும் பள்ளியை அது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. திறமைக்குப் பின்கோடு கிடையாது!

ஆகவே இன்றே தொடங்கு. காயலான் கடையில் ஒரு செத்த போர்டு வாங்கு. ஒரு மல்டிமீட்டர் வாங்கு. கரண்ட் கொடுக்காமலே டையோடையும் ஃபியூஸையும் ரெசிஸ்டரையும் அளந்து பழகு. அளந்ததை நோட்டில் எழுது. பக்கத்து ஐடிஐயில் விண்ணப்பம் கேள். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் போய், "அண்ணாச்சி, கூட இருந்து கத்துக்கிடுதேன்" என்று சொல், வெட்கப்படாதே.

உன்னைச் செத்த செட் என்று யார் சொன்னாலும் சரி, உனக்குள் அந்த 5 வோல்ட் இருக்கிறது. அது இருக்கும்வரை எந்தப் போர்டும் குப்பை இல்லை, எந்த மனிதனும் குப்பை இல்லை. மீட்டரை எடு. அளந்து பார். எழுந்து வா!