பூக்காத செடிக்கு நீர் வார்ப்பது வீண் விரயமா?



கொல்லிமலையில் எடப்புளி நாட்டில் குடியிருந்து மிளகு வாங்கி விற்கும் அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார்.

'ஹஜ்ரத்! கொடைக்கானல் போயிருந்தபோது ஒரு பூச்செடியின் குச்சியைக் கொண்டுவந்து வீட்டுக் கொல்லையில் நட்டேன். இது மூன்றாவது ஆண்டு. தோள் உயரம் வளர்ந்தும் ஒரு மொட்டுக்கூட இல்லை. என் மாமனார், காய்க்காத, கனியாத, ஆடுகூடத் தின்னாத செடிக்குத் தினம் ஒரு குடம் தண்ணீரா, இது இஸ்ராஃப் ஆகாதா என்று கேட்கிறார். நஞ்சுச் செடி என்றும் சொல்கிறார்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். வெட்டிவிடவா? வைத்துக்கொள்ளவா?'

இதற்கு விடை எழுத உட்காரும்போதே நமது கை தயங்கியது. அந்தச் செடி இன்னும் பூக்காததில் நமக்கும் பங்கு உண்டு. முந்திய ஆண்டு காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, தலைசுற்றலோடு அவர் வீட்டில் போய் இறங்கினோம். இடுப்பு உயரத்தில் ஒற்றைத் தண்டாக நின்ற அச்செடியைக் காட்டி, 'இது எப்போது பூக்கும் ஹஜ்ரத்?' என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாள்தோறும் பிறருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய நாவுக்குத் 'தெரியாது' என்ற ஒரு சொல் மட்டும் கனமாக இருக்கிறது. 'முருங்கையை வெட்டினால் கிளைக்கிறதல்லவா, அதுபோல் இதையும் வெட்டி விடுங்கள்' என்று சொல்லிவிட்டோம். அன்பரும் பிஸ்மி சொல்லி முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டார்.

அது எவ்வளவு பெரிய பிழை என்பது, கேள்வி வந்தபின், மலைத்தோட்டங்களில் வேலை பார்த்த முதியவர் ஒருவரிடம் விசாரித்தபோதுதான் விளங்கியது. ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியைத் தாவர நூலார் ப்ருக்மான்சியா என்பர். ஊமத்தைப் பூ மேல்நோக்கி நிற்கும். இதன் பூவோ ஒரு சாணுக்கு மேல் நீண்டு, குழல்போல் கீழ்நோக்கித் தொங்கும். மாலை மங்கியபின் அதன் வாசம் வாசல் கடந்து தெருவுக்கு வரும். உதகையிலும் கொடைக்கானலிலும் ஓடைக்கரை ஓரங்களில் பலர் பார்த்திருக்கலாம். இதன் வளர்ச்சியில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஒரே தண்டாக நிமிர்ந்து ஏறும். இடுப்பளவிலோ, மார்பளவிலோ, அதற்கும் மேலோ வந்ததும், உண்டிவில்லுக்கு நாம் வெட்டும் கவைக்குச்சிபோல் இரண்டாகப் பிரியும். அந்தக் கவைக்கு மேலேதான் பூ. கவைக்குக் கீழே வெட்டினால், அது மறுபடியும் முதலிலிருந்து ஏறிவந்து கவை விட வேண்டும். ஆகவே, பூக்கும் வாசற்படிக்கு வந்து நின்ற செடியை நாம் படியிலிருந்து கீழே தள்ளியிருக்கிறோம்! அன்பரின் மூன்றாண்டுக் காத்திருப்பில் ஏறத்தாழ ஓராண்டு நமது கணக்கில் எழுதப்பட வேண்டியது.

மதீனத்து மக்கள் பேரீச்சையின் ஆண் பாளையை எடுத்துப் பெண் பாளையில் சேர்த்து மகரந்தம் ஊட்டுவது வழக்கம். நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, இதனால் பயன் இருக்குமென்று தமக்குத் தோன்றவில்லை என்னும் கருத்தில் ஒரு சொல் சொன்னார்கள். மக்கள் அவ்வழக்கத்தை விட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. உங்கள் உலக காரியங்களை நீங்களே நன்கறிந்தவர்கள் என்ற கருத்தில் அப்போது அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. வஹீ பெற்ற நபியே தோட்டக்காரனின் அறிவுக்கு அவ்வளவு இடம் கொடுத்திருக்க, ஒரு முருங்கை மரத்தைத் தவிர வேறு மரம் வளர்த்தறியாத நாம் தீர்ப்புச் சொல்லப் போனோம்.

இனி, அன்பரின் கேள்விக்கு வருவோம். காத்திருப்பவர் எல்லாரும் ஸபூர் செய்கிறவர்கள் அல்லர். தண்ணீர் ஊற்ற மறந்து, எருப் போடாமல், அல்லாஹ் நாடினால் பூக்கட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் பொறுமைசாலி அல்லன், சோம்பேறி. இது பலரும் அறிந்த செய்தி. இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு நோய் இருப்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்ற பரபரப்பு அது. இன்று வெட்டுவது, நாளை இடம் மாற்றுவது, மறுநாள் பிடிபிடியாக யூரியா போடுவது. மிகையாக யூரியா போட்டால் பல செடிகளில் இலைதான் கொழுக்கும், பூ பின்தங்கும். செய்கிறவனுக்கோ, தான் பெரிய முயற்சியாளன் என்ற மனத்திருப்தி. உண்மையில் அவனுடைய அவசரந்தான் முயற்சியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகளை வளர்ப்பதிலும், புதிதாகத் தொழத் தொடங்கிய இளைஞனிடத்திலும் இதே கவாத்துக் கத்தியோடு திரிகிறவர்களைக் கண்டிருக்கிறோம். ஏழு வயதுப் பையன் இன்னும் யாஸீன் மனனம் செய்யவில்லையே என்று தகப்பன் அடிக்கிறார். அவனோ இன்னும் தண்டாக ஏறிக்கொண்டிருக்கிறான், கவை விடவில்லை.

எடப்புளி நாட்டில் இதைக் கற்க அன்பர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவர் யாரிடம் மிளகு வாங்குகிறாரோ அந்த மலைவாழ் குடியானவர் கொடியை மரத்தடியில் நட்டுவிட்டு மூன்று நான்கு ஆண்டு காத்திருக்கிறார். பலா வைத்தவர் இன்னும் கூடுதலாகக் காத்திருக்கிறார். அவர்கள் சும்மா இருப்பதில்லை; கொடியைக் கட்டுகிறார்கள், நிழல் கழிக்கிறார்கள். எப்போது கை வைக்கக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மாமனாரின் வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. கோடையில் தொலைவிலிருந்து குடத்தில் சுமந்து வரும் தண்ணீருக்கு அவர் கணக்குக் கேட்கிறார். ஓடும் ஆற்றின் கரையில் ஒளூச் செய்தாலும் விரயம் கூடாதென்று கற்பித்த மார்க்கத்தில் அப்படிக் கேட்பதே முறை. அரிசி களைந்த நீரையும் பாத்திரம் அலசிய நீரையும் செடிக்கு விட்டால் அந்தப் பேச்சுக்கே இடமிராது. ஆனால், 'காய்க்காது, கனியாது, ஆகவே வீண்' என்ற அளவுகோலை மட்டும் நாம் ஏற்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் இச்செடியின் பெயர் ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட். மலக்கின் எக்காளம் என்று பொருள். வெள்ளைக்காரர் பூவின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்தான். எனினும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு மலக்கின் எக்காளம் என்றதும் இஸ்ராஃபீல் (அலை) அவர்களின் ஸூர் அல்லவா நினைவுக்கு வரும்? ஸூரை உடையவர் அதை வாயில் வைத்து, நெற்றியைத் தாழ்த்தி, கட்டளைக்காகச் செவி சாய்த்துக் காத்திருக்கிறார் என்று நபியவர்கள் அறிவித்ததைத் திர்மிதியில் காண்கிறோம். அவர் ஊதவும் இல்லை, எடுத்துக் கீழே வைக்கவும் இல்லை. ஆயத்தமாக இருப்பதும் முந்திக்கொள்ளாமல் இருப்பதும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

முஸ்னத் அஹ்மதில் இன்னொரு ஹதீஸ். உங்களில் ஒருவர் கையில் பேரீச்சங்கன்று இருக்கும்போது கியாமத்து வந்துவிட்டாலும், முடியுமானால் அதை நட்டுவிடட்டும் என்பது அதன் கருத்து. பேரீச்சை கனிய ஆண்டுகள் பல வேண்டும். ஸூர் ஊதப்படும் வேளையில் நடுகிறவன் எந்தப் பழத்தைக் காணப்போகிறான்? அந்தக் கன்றிலிருந்து ஒருவருக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை. இருந்தும் நடும்படி ஏவல். பலனை வைத்துத்தான் நடுதலுக்கு மதிப்பு என்றால், இந்த ஹதீஸை எங்கே வைப்பது?

இன்னும் ஒரு செய்தி. தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய இச்செடியின் இனங்களைக் காட்டில் அற்றுப்போனவை என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. பிறந்த காட்டில் தானாக முளைத்து வாழ்வது நின்றுபோய், யாரோ குச்சி ஒடித்து நட்டு நீர் ஊற்றுவதால்தான் அது உலகத்தில் நீடிக்கிறது. அல்லாஹ்வின் படைப்பு ஒன்று இப்படி மனிதன் கையில் அமானத்தாக வந்து சேர்ந்திருக்கிறது.

நஞ்சு என்பது உண்மை. இலை, பூ, விதை எல்லாம் நஞ்சு. உள்ளே போனால் நாவு வறண்டு, கண் பாவை விரிந்து, புத்தி பேதலிக்கும்; உயிருக்கும் ஆபத்து. சாற்றுக் கையால் கண்ணைத் தொட்டாலே பார்வை மங்கும். சங்கப் புலவர்கள் பாடிய, அழகால் மயக்கி உயிர் வாங்கும் கொல்லிப்பாவையின் மலையில் இது வளர்வதும் பொருத்தந்தான்! இதிலுள்ள அதே வகைச் சத்தான ஸ்கோபொலமின் வாந்தியை அடக்கும் மருந்தாகவும் பயன்படுகிறது. ஃபிக்ஹ் நூல்களில் பன்ஜ் என்ற செடியைப் பற்றி இமாம்கள் பேசியிருக்கிறார்கள். போதைக்காக அதை உட்கொள்வது ஹராம், மருத்துவத் தேவை வேறு என்பது அந்தப் பேச்சின் சாரம். செடி நிற்பதில் குற்றமில்லை. குழந்தைக்கோ அண்டை வீட்டு ஆட்டுக்கோ எட்டும்படி நிறுத்தினால் நட்டவர் பொறுப்பாளி. ஆகவே முள்வேலி போடுங்கள், கழித்த இலையைக் குழியில் புதையுங்கள், தொட்ட கையைக் கழுவுங்கள், பிள்ளைகளுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்ய இயலாத வீடானால் வெட்டிவிடுவதே கடமை. அப்போது நாம் மேலே எழுதிய எதையும் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

இவற்றைச் சுருக்கி அன்பருக்கு எழுதினோம். கூடவே, முந்திய ஆண்டு சொன்ன யோசனைக்கு மன்னிப்பும் கேட்டோம். சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். வேலி போட்டாகிவிட்டதாம். தண்டு கவை விட்டிருக்கிறதாம். கவைக்கு மேலுள்ள இலைகளின் அடிப்பாகம் ஒருபுறம் ஏறியும் ஒருபுறம் இறங்கியும் இருக்குமென்று முதியவர் சொன்னதை எழுதியிருந்தோம். அவ்விதமே இருப்பதாக மாமனார்தான் முதலில் பார்த்துச் சொன்னாராம். அரிசி களைந்த நீரை இப்போது அவரே கொண்டுபோய் விடுகிறாராம்.

மொட்டு வந்ததா என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.